முள் ஏறாத காலை

என் கருவிப் பையில் பத்தாம் நம்பர் ஸ்பானர் ஒன்று கிடக்கிறது. அது என்னுடையதல்ல, மேடத்துடையது. அதை எடுக்கும்போதெல்லாம் சமயநல்லூரில் ஒரு புதுவீட்டுக்குப் பால் காய்ச்சிய நாள் நினைவுக்கு வரும். கூடவே என்மேல் எனக்கே எரிச்சலும் வரும்.

மேடம் எங்கள் சூப்பர்வைசர். உசிலம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். என்னைவிட எட்டு வயது இளையவர். அந்த வீட்டுக்கு கேஸ் குழாய் போட்டவன் நான். கேஸைத் திறந்துவிடும் முன் குழாயில் காற்றை அடைத்து, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். விடிந்ததும் அடைத்தோம். ஒன்பது மணிக்கும் முள் வைத்த இடத்திலேயே நின்றது. நான் மீசையை முறுக்காத குறைதான். மேடமோ கிழக்குச் சுவரில் வெயில் காய்ந்துகொண்டிருந்த குழாயைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார்.

"பைப்பு இந்தச் சூடு சுடுது. உள்ள இருக்க காத்தும் சூடாயிருக்கும்ல? முள்ளு ஏறணும்ணே. ஏன் ஏறல?"

ஏற வேண்டிய அளவு எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது என்பது அவர் கணக்கு. எனக்குச் சுருக்கென்றது. நேற்று வந்த பெண் என் வேலையில் குறை சொல்வதா! உள்ளே சொந்தபந்தம் கூடிவிட்டது, பால் பாத்திரத்துக்கு மஞ்சள் கட்டியாகிவிட்டது, பத்தரைக்குள் அடுப்பு எரிந்தாக வேண்டும். கான்ட்ராக்டர் வந்து குதித்தார்.

"முள்ளு இறங்கலேல்ல? அப்புறம் என்னம்மா? கையெழுத்தப் போடு."

மேடம் அந்த ஸ்பானரை எடுத்தார். யாரும் கேஸைத் திறந்துவிடாதபடி, மூடியிருந்த மெயின் வால்வின் கைப்பிடியைக் கழற்றித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "போடமாட்டேன் சார். வேலைய விட்டுத் தூக்குறதுன்னா தூக்கிக்கங்க."

தூக்கிவிட்டார், அங்கேயே, அத்தனை பேர் முன்னால். வாசலில் மூன்று செங்கல்லை வைத்துப் பால் காய்ச்சினார்கள். மேடம் கைப்பிடியையும் ஸ்பானரையும் என் கையில் வைத்தார். "சோப்புத் தண்ணி ஊத்திப் பாக்காம இத மாட்டிராதீங்கண்ணே. வாரேன்."

ஊத்திப் பார்த்தேன். சமையலறைப் பரணுக்குப் பின்னால், நான் முறுக்கிய இணைப்பில் குமிழ் குமிழாக நுரை கிளம்பியது. பிரித்து, சரிசெய்து, மறுபடி சோதித்து, மாலையில் அடுப்பைப் பற்றவைத்தேன். நீலமாக நின்று எரிந்தது. "பாத்தியா மாப்ள, ஒண்ணுமே இல்ல. அந்தப் பொண்ணு சும்மா வம்பு பண்ணிருச்சு" என்றார் கான்ட்ராக்டர். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேடத்தின் வேலை பிழைத்திருக்கும். என் பேர் கெட்டுவிடுமே என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

இப்போது குழாய் போடுவதும் கையெழுத்துப் போடுவதும் நான்தான். இன்று காலை கோரிப்பாளையத்தில் ஒரு பேக்கரி, மதியம் திறப்பு விழா. மொட்டைமாடிக் குழாய் கொதித்தது, முள் அசையவில்லை. அதே கான்ட்ராக்டர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"அதான் முள்ளு நிக்குதுல்ல மாப்ள. போடு கையெழுத்த."

ஸ்பானரை எடுத்தேன். கைப்பிடியைக் கழற்றி என் சாப்பாட்டுப் பையில் போட்டேன்.

"மாட்டேண்ணே. கசியுறது நான் போட்ட ஜாயிண்டு. அன்னைக்குச் சமயநல்லூர்ல கசிஞ்சதும் நான் போட்டதுதான். மேடம் சொன்னதுதான் சரி. ரெண்டையும் எழுதிக்கிட்டு, அப்புறம் என்னயத் தூக்குங்க."