ஒரு பக்கம் மட்டும் பார்த்த சோதனை

மதுரையில் ஒரு கலைக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கருதுகோள் சோதனை என்ற பாடம் வந்தாலே பாதி வகுப்பு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்ளும். அதனால் நான் சூத்திரத்தில் ஆரம்பிக்க மாட்டேன். கோர்ட்டில் ஆரம்பிப்பேன். ஒருவன் மேல் திருட்டுக் குற்றம். அவன் திருடவில்லை என்றுதான் நீதிபதி முதலில் வைத்துக்கொள்ள வேண்டும். அதுதான் இன்மைக் கருதுகோள். திருடினான் என்று போலீஸ் சொல்கிறதே, அது மாற்றுக் கருதுகோள். ஆதாரம் வலுவாக இருந்தால் முதலாவதைத் தள்ளிவிடலாம். இல்லையென்றால் தள்ள முடியாது. அதற்காக அவன் உத்தமன் என்று ஆகிவிடாது, ஆதாரம் போதவில்லை, அவ்வளவுதான். இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். பிள்ளைகள் தலையாட்டுவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

இந்தப் பாடத்தை நான் என் வீட்டுக்குள் கொண்டுபோனேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் பாரம் குறையும் என்றெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை.

என் வீட்டுக்காரர் ஆனையூரில் மோட்டார் கடை வைத்திருந்தார். போர்வெல்லில் இறக்கும் மோட்டாரை விற்பார், பழுதும் பார்ப்பார். திருமங்கலம், கல்லுப்பட்டி என்று தோட்டம் தோட்டமாக வண்டியில் போய்வருவார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவரை ஒருவர் கிண்டல் பண்ணியே எங்கள் காலம் ஓடியது. அவருக்குச் சர்க்கரை வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. வாயைக் கட்டத் தெரியாத மனுஷன். ஒருமுறை வண்டி டூல்பாக்ஸில் ஸ்பேனர்களுக்கு நடுவே ஜீரா ஒழுகிக்கொண்டு ஒரு பால்பன் பொட்டலம் கிடந்தது. கேட்டால், கஸ்டமருக்கு வாங்கியது என்று சத்தியம் பண்ணினார். அதில் ஒன்று பாதி கடித்துக் கிடந்தது. ஒரு வாரம் அதைச் சொல்லியே அவரை வறுத்தெடுத்தேன்.

போன வருடம் டாக்டர் மாத்திரையை மாற்றினார். எனக்குத் தேர்வு மேற்பார்வை இருந்ததால் அன்றைக்கு அவர் தனியாகத்தான் போனார். திரும்பி வந்தவருடைய சட்டைப்பையில் நாலு ஆரஞ்சு மிட்டாய் இருந்தது.

"டாக்டர்தான் வச்சுக்கச் சொன்னாரு டீச்சரம்மா. இந்த மாத்திரை கொஞ்சம் வேகமாம். கை கால் நடுங்குனா டக்குனு ஒண்ண வாயில போடணுமாம்."

"எந்த ஊர் டாக்டருங்க சுகர்காரருக்கு மிட்டாய் எழுதிக் குடுக்குறாரு?"

"சத்தியமாச் சொல்றேன் புள்ள."

"பால்பன்னுக்கும் சத்தியந்தான் பண்ணீங்க."

பையிலிருந்த நாலையும் எடுத்துக்கொண்டேன். அவர் முன்னாலேயே ஒன்றைப் பிரித்து என் வாயில் போட்டுக்கொண்டேன். அவர் சிரித்தார். அதற்கு மேல் அவரும் வாதாடவில்லை. முன்பு பொய் சொல்லி மாட்டியவர், இனி எந்த முகத்தோடு வாதாடுவார்? டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

அந்த வாரம்தான் கல்லூரியில் கருதுகோள் பாடம் ஆரம்பித்தது. புத்தகத்தில் பல்பு ஆயுளும் கோதுமை விளைச்சலும்தான் எடுத்துக்காட்டு. நம் பிள்ளைகளுக்கு அதில் என்ன அக்கறை இருக்கும்? வீட்டிலேயே ஒரு குற்றவாளி இருக்கும்போது பல்பு எதற்கு என்று தோன்றியது. இருபத்தொரு நாள், தினம் காலை ஆறு மணிக்கு, வெறும் வயிற்றில் விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பது என்று முடிவு பண்ணினேன். அவர் ஒழுங்காக இருக்கிறார், சராசரி நூற்று முப்பதுதான் என்பது இன்மைக் கருதுகோள். திருட்டுத்தனமாகத் தின்கிறார், சராசரி அதற்கு மேலே போய்விட்டது என்பது மாற்றுக் கருதுகோள். ஒருமுனைச் சோதனை. மேல் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும். மற்ற நேரத்தில் எடுத்த அளவு எதுவும் கணக்கில் சேராது என்று விதியும் போட்டேன்.

"பரிட்சையில நான் பெயிலானா என்ன பண்ணுவ?" என்று கேட்டார்.

"அம்மா வீட்டுக்குப் போயிருவேன்."

"அப்ப எப்புடியும் பாஸாகணும்" என்று விரலை நீட்டினார்.

முதல் வாரம் நூற்று நாற்பதை ஒட்டி வந்தது. அப்புறம் மெல்ல இறங்கியது. நான் மேலே ஏறுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறவில்லை, எனக்கு அதில் ஒரு சின்ன ஏமாற்றம்கூட இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

இரண்டாவது வாரத்திலிருந்து அவர் ராத்திரிச் சாப்பாட்டைத் தட்டிக்கழிக்க ஆரம்பித்தார். பசிக்கவில்லை என்பார். ஒரு இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவார். வெளியே மூக்குமுட்டத் தின்றுவிட்டு வருகிறார், அதனால்தான் பசியில்லை என்று நான் நினைத்தேன். சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். தண்ணீர் டம்ளரைப் பிடித்த கை நடுங்கும். அதட்டிப் பேசியே அறியாத மனுஷன், விளக்குமாறு வழியில் கிடந்ததற்கு என்னிடம் எரிந்து விழுந்தார். மாட்டிக்கொள்வோம் என்ற பயம் என்று நான் எனக்குள் கணக்குப் போட்டுக்கொண்டேன். ஒருநாள் அவரிடமே சொன்னேன், "தப்புப் பண்ணாதவருக்கு எதுக்குங்க இம்புட்டு வேர்க்குது?" அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நோட்டில் அவர் நிரபராதி என்று முதல் வரியாக எழுதியிருந்தேன். மனதில் ஒருநாளும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.

இருபத்தொரு எண்களையும் வகுப்புக்குக் கொண்டுபோனேன். யார் என்று சொல்லவில்லை, ஒரு சர்க்கரைக்காரர் என்று மட்டும் சொன்னேன். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள், "சார் மாட்டுவாரா மேடம்?" என்று ஒரே சிரிப்பு. சராசரி கண்டுபிடித்தார்கள், திட்டவிலக்கம் போட்டார்கள். சராசரி நூற்று முப்பதைத் தாண்டவே இல்லை, நன்றாகக் கீழே இருந்தது. இன்மைக் கருதுகோளைத் தள்ள முடியாது என்று எழுதி அடிக்கோடு போட்டேன். வகுப்பு கைதட்டியது.

அப்போது திருவாதவூரிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பெண் எழுந்தாள். வயல்வேலைக்குப் போகும் வீட்டுப்பிள்ளை, அதிகம் பேச மாட்டாள்.

"மேடம், கீழ்ப்பக்கமும் பாக்க வேணாமா? கடைசி வாரத்து நம்பரெல்லாம் ரொம்பச் சின்னதா வருது. எங்க மாமாவுக்கு இப்படித்தான் எறங்கி மயக்கம் வந்துச்சு."

"கேள்வி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான்மா பார்க்கணும். தரவைப் பார்த்துட்டு அப்புறம் கேள்வியை மாத்தக்கூடாது. அது புள்ளியியல்ல பெரிய தப்பு."

அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். நான் சொன்னது பாடப்படி நூற்றுக்கு நூறு சரி. இன்றைக்கும் எந்தத் தேர்வில் எழுதினாலும் அதற்கு முழு மதிப்பெண் கிடைக்கும்.

வீட்டுக்கு வந்து தீர்ப்பைச் சொன்னேன். "ரொம்பக் குதிக்காதீங்க. நீங்க யோக்கியர்னு சொல்லல. ஆதாரம் போதலைன்னு விட்டிருக்கேன்." அவர் ஏதாவது பதிலுக்குக் கிண்டல் பண்ணுவார் என்று காத்திருந்தேன். "இதுக்கு மேல எப்புடிப் புள்ள காட்டுறது?" என்று மட்டும் கேட்டார். களைத்துப்போயிருந்தார்.

மூன்றாம் நாள் காலையில், "கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு மோட்டார் இறக்கணும், மத்தியானம் வாரேன்" என்று கிளம்பினார். காலைச் சாப்பாடு வேண்டாம், வந்து சேர்த்துச் சாப்பிடுகிறேன் என்றார். மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

கல்லுப்பட்டிக்கு முன்னால் ரோட்டோரத்தில் வண்டி தள்ளாடி நின்றதாம். இறங்கி நாலடி நடந்தவர் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டாராம். வாய் குழறியிருக்கிறது. பட்டப்பகலிலேயே ஊற்றிக்கொண்டு வந்து கிடக்கிறான் என்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வெயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கிறார். கடைசியில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்து, சாராய வாடையே இல்லையே என்று ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணியிருக்கிறார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர் சின்ன வயதுக்காரர், பொறுமையாகப் பேசினார். சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது, மூளைக்கு ரொம்ப நேரம் சத்துப் போகவில்லை என்றார். "இந்த மாத்திரை போடுறவங்க பையில மிட்டாய் வச்சிருப்பாங்களேம்மா. இவருக்கு யாரும் சொல்லலையா?" என்று கேட்டார். சொன்னார்கள், நான்தான் பிடுங்கிக்கொண்டேன் என்று நான் பதில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

என் வீட்டுக்காரர் ஒன்பது நாள் ஐசியூவில் இருந்தார். கண் திறக்கவே இல்லை.

பஸ்ஸுக்கு நின்ற அந்த ஆட்களைத் திட்ட எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. முன்பின் தெரியாத ஒருவரை அவர்கள் ஒரு மணி நேரம் தப்பாக நினைத்தார்கள். நான் கூடவே வாழ்ந்தவரை இருபத்தொரு நாள் தப்பாக நினைத்தேன். பாதகி நான்.

காரியத்தன்று கடைக்குப் பக்கத்து டீக்கடைக்காரர் வந்திருந்தார். ஒரு ஓரமாக நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அண்ணே ஒரு மாசமா எங்க கடையில வடையைக்கூடத் தொடல மதினி. டீயிலயும் சீனி வேணாம்பாரு. வீட்ல பரிட்சை நடக்குது, பாஸாகணும்னு சிரிப்பாரு" என்றார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஒருநாள் அந்த நோட்டை எடுத்துப் பார்த்தேன். சராசரி என்று பார்க்காமல், எழுதிய வரிசையில் மேலிருந்து கீழே படித்தேன். நூற்று நாற்பத்தி இரண்டு என்று ஆரம்பித்து எழுபது வரைக்கும் படிப்படியாக இறங்கியிருந்தது. மூன்றாவது படிக்கும் பிள்ளைகூடச் சொல்லிவிடும், இறங்குகிறது என்று. எல்லாவற்றையும் கூட்டி வகுத்ததில் அந்த இறக்கம் எங்கேயோ காணாமல் போயிருந்தது. தினம் காலையில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நான்தான் அதை ஒவ்வொன்றாக எழுதியிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து வேலைக்குப் போனேன். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. திருவாதவூர்ப் பெண் கடைசி வரிசைக்குப் போயிருந்தாள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான்காம் நாள் மதியம் நான் தனியாக இருக்கும் நேரம் பார்த்து ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வாம்மா என்றேன். வந்ததும் தேம்ப ஆரம்பித்துவிட்டாள்.

"நான் அன்னைக்கு உக்காந்திருக்கக்கூடாது மேடம். எனக்கு நல்லாத் தெரிஞ்சுச்சு. நீங்க சொன்னதும் பயந்து உக்காந்துட்டேன். இன்னொருவாட்டி கேட்டிருந்தா சார் இருந்திருப்பாருல?"

பதினெட்டு வயதுப் பிள்ளை. இரண்டு மாதமாக இதைத் தூக்கிக்கொண்டு தினம் பஸ் ஏறி வந்திருக்கிறாள். அவள் கேட்டதற்கு நேர்மையான பதில் என்னிடம் இருந்தது. அன்றைக்கு அவள் பேச்சை நான் கேட்டிருந்தால், அந்த மத்தியானம் அவர் சாப்பிட வீட்டுக்கு வந்திருப்பார்.

"இல்லம்மா. டாக்டர்கிட்டக் கேட்டுட்டேன். அவருக்கு ஹார்ட்ல வேற கோளாறு இருந்திருக்கு. நீ கேட்டதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றேன்.

ஆதாரம் இல்லாமல் சம்பந்தம் இல்லை என்று சொல்லாதீர்கள் என்று இருபது வருடமாகத் தொண்டை வற்றக் கத்திய வாய் இது. கொஞ்சமும் தடுமாறாமல் சொல்லியது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நெசமா மேடம்?" என்றாள். நிஜம்தான் என்றேன். துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, போய்வாரேன் என்று போனாள். மறுநாள் பழையபடி இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

எனக்கும் அப்படி ஒரு பொய் வேண்டியிருக்கிறது. என் முகத்தைப் பார்த்து, கொஞ்சமும் கூசாமல், உன் மேல் ஒரு தப்பும் இல்லை புள்ள என்று சத்தியம் பண்ணக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.