அக்கா எதிர்க்கட்சியில் சேர்ந்த கதை

"தம்பி, எங்கை நிக்கிறாய்? கெதியா வா. அத்தான் பாத்ரூமுக்குள்ளை ஆரோடையோ சண்டை பிடிக்கிறார்!"

போனில் அக்கா. நான் அப்போதுதான் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸை விட்டு இறங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை. ஐப்பசி மழை தூறிக்கொண்டிருந்தது.

"ஆரோடை?"

"அதைத்தானே சொல்லுறன்... உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை!"

கையில் குடை இருந்தது. விரிக்கத் தோன்றவில்லை. ஓடினேன்.

வேறு யார் வீட்டிலென்றால் சிரித்திருப்பேன். ஆனால் அத்தானுக்கு ஆடி மாதம்தான் பாரிசவாதம் வந்தது. வலது கை கொஞ்சம் சோர்ந்துபோயிற்று. கால் தப்பிவிட்டது. நாக்குத்தான் சொல்வழி கேட்காமல் நின்றது. சொல்ல வந்த சொல் தொண்டை வரைக்கும் வரும், வெளியே வரும்போது குழறும். அதனால் அவர் கதைப்பதையே குறைத்துவிட்டார். தலையாட்டல், கையசைப்பு, மிஞ்சினால் ஒரு 'ஓம்'. அப்படிப்பட்ட மனிதர் பூட்டிய அறைக்குள் தனியே சண்டை பிடிக்கிறார் என்றால்... அக்கா என்ன நினைத்திருப்பார்? நான் என்ன நினைத்தேனோ அதைத்தான். மூளைக்குள் இன்னும் ஏதோ நடந்துவிட்டது.

அக்காவையும் அத்தானையும் பற்றி ஒரு வார்த்தை. அத்தான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இரண்டும் கனடாவில். மாடி வீட்டில் இவர்கள் இருவர் மட்டும். நான் வெள்ளவத்தையில் இருந்து ஞாயிறு தோறும் போய் எட்டிப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டையும் ஒரு கை பார்த்துவிட்டு வருவேன்.

அத்தானுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. தொலைக்காட்சி அரசியல் விவாதம்.

உங்களுக்கும் தெரியும்தானே? நாலு பேரைக் கூப்பிட்டு இருத்துவார்கள். ஒருவர் வாய் திறந்தால் மற்ற மூவரும் குறுக்கே விழுவார்கள். நெறியாளர் 'ஒருவர் ஒருவராக... ஒருவர் ஒருவராக...' என்று கெஞ்சுவார். யாருக்கு எது விளங்கியது என்று யோசிப்பதற்குள் சவர்க்கார விளம்பரம் வந்துவிடும். அத்தானுக்கு அது போதாது. அவர் ஐந்தாவது ஆளாகத் தன் கதிரையில் இருந்து கலந்துகொள்வார். மேசையில் தட்டுவார். எழும்பி நின்று டிவியைப் பார்த்து விரலை நீட்டுவார்.

பாரிசவாதம் வந்த அன்றைக்கும் அப்படித்தான். "நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான்..." என்று தொடங்கியவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. கோபத்தில் சொல் வரவில்லையாக்கும் என்று அக்கா நினைத்தார். கோபமல்ல.

ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பும்போது லேடி டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: "நியூஸ் பார்க்கலாம். ஆனா இந்த விவாதம் எல்லாம் வேணாம். பிரஷர் ஏறக் கூடாது. அதோட, நிறையக் கதைக்க வைங்க. கதைச்சாத்தான் பேச்சுத் திரும்பும்."

முதலாவதை அக்கா அன்றே நிறைவேற்றினார். ரிமோட் அரிசி வாளிக்குள் போனது. இரண்டாவதுதான் நடக்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வந்த பிள்ளை படப் புத்தகத்தை விரித்து, "இது என்ன, சொல்லுங்க பார்ப்பம்" என்று யானையைக் காட்டியதாம். அத்தான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டார். கப்பல் கப்பலாகச் சாமான் இறக்கிய மனிதரை யானை சொல்லச் சொன்னால் வேறென்ன செய்வார்?

சரி, பாத்ரூமுக்கு வருவோம்.

நான் படியேறிப் போனபோது அக்கா கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நானும் காதை வைத்தேன்.

"...முதல்லை என்ரை கேள்விக்குப் பதில் சொல்லுங்கோ! உங்கடை ஆட்சியிலை நீங்கள் என்ன செய்தனீங்கள்? சும்மா சிரிக்காதையுங்கோ!"

அத்தானின் குரல்தான்.

"அத்தான்!" கதவில் தட்டினேன்.

சத்தம் நின்றது. பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், தண்ணீர் திறந்துவிடும் சத்தம். கதவு திறந்தது. அத்தான் ஒன்றும் தெரியாதவர் போல வெளியே வந்தார். சாரத்து மடிப்புக்குள் இருந்து இயர்போன் வயர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

போனில் பழைய விவாதம் ஒன்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. அக்காவுக்கு இரண்டும் வரவில்லை. கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். "வழுக்கி விழுந்திருந்தால்? கதவையும் பூட்டிப்போட்டு... உங்களுக்கு என்னைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லையே?"

அத்தான் போனை எடுத்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். அந்தப் போனை நான் என் பையில் போட்டுக்கொண்டு வெள்ளவத்தைக்கு வந்தேன். அவர் அவசரத்துக்கு எடுக்க, பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். பிரச்சினை முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை.

அடுத்த ஞாயிறு போனபோது வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. அத்தான் ஜன்னலடியில் இருந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினார். 'ஓம்' கூட இல்லை. அக்கா பரிமாறினார். சாப்பிட்டோம். கை கழுவினோம். டிவி இல்லை. சண்டை இல்லை. பிரஷரும் ஏறவில்லை. டொக்டர் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வீட்டில் இருக்க எனக்கே மூச்சு முட்டியது.

அக்கா படிக்கட்டு வரைக்கும் கூட வந்தார்.

"தம்பி, அண்டைக்குக் கதவுக்கு வெளியாலை நிண்டு கேட்டனீதானே?"

"ஓமக்கா."

"அவர் ஒரு சொல்லும் குழறேல்லை."

உண்மைதான். 'உங்கடை ஆட்சியிலை' என்பதெல்லாம் சாதாரண நாக்குக்கே சிக்கும். அவர் அழகாகச் சொன்னார். பயத்தில் நான் அதைக் கவனிக்கவே இல்லை. அக்கா கவனித்திருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அழுதுகொண்டே கவனித்திருக்கிறார்.

"எத்தினை மாசத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டனான் தெரியுமே..." என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் ஒரு வேலை செய்யப் போறன். நீ வந்து பார்" என்றார்.

என்ன வேலை என்பது அடுத்த தடவை போனபோது தெரிந்தது.

காலைப் பத்து மணி இருக்கும். மேசையில் முருங்கையிலைக் கட்டு. அத்தான் இலை உருவிக்கொண்டிருந்தார் - சோர்ந்த கைக்கு நல்லதென்று அக்கா கொடுத்த வேலை. பக்கத்தில் பிளேன் டீயும் ஒரு கடி பனங்கட்டியும். அக்கா எதிரே இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். திருவிக்கொண்டே, ஒருவரையும் பார்க்காமல் சொன்னார்:

"நேற்று உங்கடை ஆள் நல்லாத் தோத்துப்போனார்."

அத்தானின் கை நின்றது.

"மற்றவர் கேட்ட ஒரு கேள்விக்கும் பதிலில்லை. தண்ணியைக் குடிக்கிறதும், நெத்தியைத் துடைக்கிறதும். எனக்கெண்டால் மற்றவர் சொன்னதுதான் சரி போலக் கிடக்கு."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

"எ... என்ன... ச... சரி?"

"விளங்கேல்லையப்பா. திருப்பிச் சொல்லுங்கோ."

"என்ன சரி எண்டு... கே... கேக்கிறன்!"

"மின்சாரக் கட்டணம் கூட்டினது சரிதான். காசில்லாட்டி அவங்கள் என்ன செய்யிறது?"

அத்தான் கையில் இருந்த முருங்கைக் கொப்பை மேசையில் போட்டார். நான் பயந்துவிட்டேன். பிரஷர்! ஆனால் அக்கா அசையவில்லை. "ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் ஓடேல்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றார்.

அவர் சொன்னார். ஒரு சொல் வந்தது. அடுத்தது சிக்கியது. அக்கா திருவுவதை நிறுத்திவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். தானாக எடுத்துக் கொடுக்கவில்லை. அந்தச் சொல் வந்த பிறகு அடுத்த சொல். இப்படியே, கட்டணம் ஏன் கூடியது, யார் போட்ட ஒப்பந்தம், யார் வாங்கிய கடன் என்று அத்தான் சொல்லி முடித்தபோது முருங்கையிலை முழுவதும் உருவியாகிவிட்டது. நெற்றியில் வேர்வை. ஆனால் முகத்தில் ஒரு வெளிச்சம். கனகாலத்துக்குப் பிறகு பார்த்தேன்.

அக்காவைக் குசினியில் பிடித்தேன்.

"நீங்கள் எப்ப அக்கா அந்தக் கட்சியிலை சேர்ந்தனீங்கள்?"

"எனக்கு எல்லாம் ஒண்டுதான் தம்பி. அவர் எந்தப் பக்கமோ, நான் மற்றப் பக்கம். கலியாணம் கட்டின நாள் தொடக்கம் அப்பிடித்தானே?"

ரிமோட் அரிசி வாளியில் இருந்து வெளியே வந்திருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு அத்தான் வேளைக்கே படுத்துவிடுவார். அக்கா சத்தத்தைக் குறைத்துவைத்து விவாதம் பார்ப்பார். காலையில் தேங்காய் திருவும் நேரம்தான் ஒளிபரப்பு. அரசியலென்றால் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர், இப்போது எனக்குப் போன் எடுத்துக் கேட்கிறார்: "தம்பி, இந்த வற் வரி எண்டால் என்ன? அதை ஆர் கட்டுறது, கடைக்காரனோ நாங்களோ?" விளக்கப்படுத்தினேன். எனக்கே முழுதாகத் தெரியாது என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒன்றை மட்டும் கவனித்தேன். டிவியில் நாலு பேரும் ஒன்றாகக் கத்துவார்கள். இந்த மேசையில் அது முடியாது. அத்தானின் சொல் வந்து சேரும் வரைக்கும் அக்கா பொறுத்திருக்க வேண்டும். பதில் சொல்வதென்றால் அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். ஆக, நாட்டிலேயே மிகவும் மெதுவான விவாதம் இதுதான். எனக்கு முழுதாக விளங்கிய ஒரே விவாதமும் இதுதான்.

ஒரு நாள் நான் இருக்கும்போதே இன்னொன்றும் நடந்தது. மரக்கறி விலை பற்றிய வாக்குவாதம். "நீங்கள் சொல்லுறது பேப்பர்க் கணக்கு. சந்தைக்குப் போறது நான்" என்று அக்கா தொடங்கி, மொத்த வியாபாரி விலை, கடை விலை, இடையில் கை மாறுவது என்று அடுக்கினார். அத்தான் வாய் திறந்தார். மூடினார். கொஞ்சம் யோசித்தார்.

"அது... நீர் சொல்லுறது... சரிதான்."

வாசகர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். இத்தனை வருடமாக டிவியில் விவாதம் பார்க்கிறோமே - யாராவது ஒருவர், ஒரே ஒரு தடவை, எதிரே இருப்பவரைப் பார்த்து 'நீங்கள் சொல்வது சரிதான்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

அக்காவும் கேட்டதில்லை போலும். "டீ ஆறுது, குடியுங்கோ" என்றார்.

போன கிளினிக்கில் லேடி டொக்டர் பிரஷரைப் பார்த்தார். பிழையில்லை. பிறகு அத்தானிடம் பெயர், விலாசம், சாப்பாடு எல்லாம் கேட்டார். அத்தான் நின்று நிதானமாகச் சொன்னார். இடையில் இரண்டொரு இடத்தில்தான் தட்டியது.

"நல்ல முன்னேற்றம். வீட்டில என்ன பயிற்சி செய்றீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நாங்கள் சண்டை பிடிக்கிறனாங்கள் டொக்டர்" என்றார் அத்தான்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். சிரித்தார். பிறகு, "சத்தத்தை மட்டும் கூட்ட வேணாம்" என்று எச்சரித்து அனுப்பினார்.

அந்த ஒன்றைத்தான் இவர்களால் கடைப்பிடிக்க முடியவில்லை. போன ஞாயிறு விவாதம் உச்சத்துக்குப் போய்விட்டது. அத்தான் மேசையில் தட்ட, "தட்டினால் பயந்திடுவனோ?" என்று அக்காவும் திருப்பித் தட்ட, வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பிள்ளை, பஸ்னா. தலையில் அவசரமாக முக்காடு இழுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி நின்றது.

"ஆன்ட்டி... சத்தம் கேட்டிச்சி. ஏதும் ப்ரச்சினயா?"

"ஒண்டுமில்லைப் பிள்ளை, பயப்பிடாதை. பட்ஜெட்" என்றார் அக்கா.

பஸ்னா பெருமூச்சு விட்டுத் தலையை ஆட்டியது.

"எங்கட ஊட்லயும் அதே சண்டதான் ஆன்ட்டி!"