இரண்டு மிஸ்டு கால்

என் பீரோவுக்குப் பின்னால் ஒரு யோகா பாய் சுருட்டி நிற்கிறது. கட்டிலுக்கு அடியில் இரண்டு டம்பெல் கிடக்கின்றன. சமையலறையின் மேல்தட்டில் ஓட்ஸ், சியா விதை, கொள்ளுப் பொடி என்று பாதி தீர்ந்த பொட்டலங்கள். ஜிம்முக்கு ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பதினோரு நாள் போனவள் நான். ஆரம்பிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு ஆரம்பத்தின்போதும் என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "இது எத்தன நாளைக்கு?" என்பார். எனக்குக் கோபம் வரும். பதில் அவருக்கும் தெரியும் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

நாற்பத்தாறு வயதில் சர்க்கரை எல்லையைத் தொட்டது. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, தினமும் முக்கால் மணி நேரம் நட, சோற்றைக் குறை, மூன்று மாதம் கழித்து வா என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பினார். புது ஷூ வாங்கினேன். அதுவும் கட்டிலுக்கு அடியில்தான் போயிருக்கும், பின்தெருவில் அவள் இல்லாமல் இருந்திருந்தால்.

அவளை முதலில் பார்த்தது காய்கறி வண்டி அருகே. வண்டிக்காரரிடம் கன்னடத்தில் பேரம் பேசிக்கொண்டே, போனில் யாரிடமோ "சரிங்க, ஆச்சுங்க" என்று தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூருக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பம். கணவருக்கு தேவராஜ மொஹல்லாவில் வாழைப்பழ மண்டி. என்னைவிட எட்டு வயது சின்னவள். நான் ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்த குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை. என் தமிழில் பாதி கன்னடம். அவள் பேச ஆரம்பித்தால் நான் வாயை மூடிக்கொண்டு கேட்பேன், அவ்வளவு பிடிக்கும்.

அவளுக்கும் சர்க்கரை எல்லையில் நின்றது. ஆனால் அவள் பயம் என் பயம் மாதிரி மேலோட்டமானது இல்லை. அவள் அம்மாவுக்குச் சர்க்கரையால் ஒரு கால் போயிருந்தது. "எனக்கு மாத்தர ஆரம்பிச்சுட்டா அடுத்தது ஊசிதானுங்கக்கா, அப்பறம் அம்மா மாதிரிதான்" என்று ஒருநாள் சொன்னாள். "சும்னே பயப்படாதே. ரெண்டு பேரும் சேர்ந்து நடக்கலாம்" என்றேன். இந்த மாதிரி வாக்குகளை நான் வாய்கூசாமல் கொடுப்பேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு அவள் வீட்டில் மாமியாரும் கணவரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பேசவோ மெசேஜ் தேடவோ அந்த நேரத்தில் யாருக்குப் பொறுமை? அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கிளம்பிவிட்டேன் என்று அர்த்தம். உடனே இன்னொன்றும் கொடுத்தால் இன்றைக்கு வரவில்லை. அவள் போனை அதிர்வில் போட்டு இடுப்பில் செருகி வைத்திருப்பாள். நான் கேட்டருகே போவதற்குள் அவள் வெளியே நிற்பாள். ஒருநாள்கூட அவள் தாமதித்ததில்லை, நான் அவளுக்காக நின்றதில்லை.

ஏரிக்கரையில் மூன்று சுற்று. அந்த ஒரு மணி நேரத்தில் அவள் வேறு ஆள். வீட்டில் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடுகிறவள், இங்கே கையை வீசி நடப்பாள், சத்தமாகச் சிரிப்பாள், தண்ணீர்ப் பறவைகளுக்கு எங்கள் தெருக்காரர்களின் பெயரை வைப்பாள். முதல் சுற்றிலேயே விசாரணை தொடங்கிவிடும்.

"சொல்லுங்கக்கா, நேத்து என்ன திருட்டுத்தனம்?"

"ஆபீஸ்ல ஒருத்திக்கு பர்த்டே. ஸ்வல்ப கேக்."

"ஸ்வல்பன்னா எத்தன துண்டுங்க?"

ரெண்டு என்று ஒப்புக்கொள்வேன். அவள் ஒரு பிடி சோறு கூடுதலாகத் தின்றதைச் சொல்வாள். என் பெருமைமிக்க டயட் சார்ட்டுகள் எதுவும் செய்யாததை இந்த விசாரணை செய்தது. ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதே, இதை நாளைக் காலை அவளிடம் சொல்லியாக வேண்டுமே என்று தோன்றும். பாதி நாள் மூடிவிடுவேன். சோற்றுக்குப் பதில் ராகிக் களியும் கீரையும் எப்படிச் சாப்பிடுவது என்று அவள்தான் சொல்லித் தந்தாள். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று, களிக்குப் பேர்போன மைசூரில் பிறந்த எனக்கு அவள் வகுப்பெடுத்தாள்.

நான்கு மாதத்தில் இருவருக்கும் சர்க்கரை இறங்கியது. அவளுக்கு மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், நடையை மட்டும் விட்டுவிடாதே என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே வந்ததும் அவள் ரோட்டிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்று ஏரிக்கரை பெஞ்சின் கீழே எங்கள் இரண்டு ஜோடி ஷூக்களையும் கழற்றிச் சேர்த்து வைத்து ஒரு போட்டோ எடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் சங்கிலியை யாரோ பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து நடக்கும்போது அவள் சொன்னாள்.

"தனியா வெளிய போகக்கூடாதுன்னு அவரு சொல்லிப்போட்டாருங்கக்கா. அக்கா கூடன்னா மட்டும் போன்னாரு."

எனக்குப் பெருமையாக இருந்தது. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவள் தன் மேல் விழுந்த கட்டுப்பாட்டைச் சொன்னாள், நான் அதை எனக்குக் கிடைத்த நற்சான்றிதழாக எடுத்துக்கொண்டு நடந்தேன்.

பிறகு ஆடி மாதத் தூறல் வந்தது. மைசூரின் அந்தத் தூறல் நனைக்கவும் நனைக்காது, விடவும் விடாது. ஒருநாள் இரண்டு மிஸ்டு கால் கொடுத்துவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டேன். சொர்க்கமாக இருந்தது. அடுத்து ஊரின் ஓரம் ஹெப்பாளில் இருக்கும் எங்கள் கம்பெனியில் புது பேட்சுக்குப் பயிற்சி தொடங்கியது. ஏழரைக்கெல்லாம் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். அப்புறம் முட்டி வலி. அப்புறம் மார்கழிக் குளிர். காரணத்துக்கு என்னிடம் பஞ்சமே இருந்ததில்லை. வாரத்துக்கு ஒரு இரட்டை மிஸ்டு கால் மூன்றாகி, ஐந்தாகி, கடைசியில் கண்ணைத் திறக்காமலேயே என் விரல் அந்த இரண்டையும் அடிக்கப் பழகிவிட்டது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக உருவாக்கிக்கொண்ட ஒரே காலைப் பழக்கம் அதுதான்.

வழியில் பார்த்தால் அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். "நாளைக்கு முடியுமாங்கக்கா?" என்பாள், அவ்வளவுதான். "கண்டிப்பா" என்பேன். அவள் தனியாகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், நினைக்கக்கூட இல்லை. நினைத்திருந்தால் அவள் சொன்னது ஞாபகம் வந்திருக்கும்.

இந்த லட்சணத்தில் ஆபீஸில் ஆரோக்கிய வாரம் வந்தது. உற்சாகம் குறையாமல் நல்ல பழக்கத்தைத் தொடர்வது எப்படி என்று பேச ஆள் வேண்டுமாம். நான் எடை குறைந்ததைப் பார்த்திருந்தவர்கள் என்னைப் பிடித்தார்கள். நான் போய் நின்று பேசினேன். "தனியா ஆரம்பிக்காதீங்க. உங்களுக்காக ஒருத்தர் கேட் கிட்ட காத்திருக்காங்கன்னா, நீங்க எழுந்தே ஆகணும்" என்றேன். திரையில் எங்கள் இரண்டு ஜோடி ஷூக்கள். கைதட்டினார்கள். அன்றைக்கு நான் ஏரிக்கரையைப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அன்று காலையும் இரண்டு அடித்துவிட்டுத்தான், அந்தப் பேச்சுக்குக் கட்ட வேண்டிய புடவையை நிதானமாக இஸ்திரி போட்டேன்.

அதன்பின் மெல்ல மெல்ல மிஸ்டு கால் கொடுப்பதையும் நிறுத்திவிட்டேன். அவளும் கேட்கவில்லை.

மாசி கடைசியில் வீட்டில் ஒரு பூஜைக்காக வாழைப்பழம் வாங்க தேவராஜ மார்க்கெட் பக்கம் போனேன். அவள் கணவரின் மண்டிக்கே போனேன். நல்ல மனிதர், என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூல் போட்டார்.

"வாங்கக்கா. முட்டி வலி தேவலீங்களா?"

அந்தப் பொய் அவர்வரை வந்து சேர்ந்திருந்தது. தேவலை என்றேன். ஏலக்கிப் பழத்தில் நல்ல சீப்பாகத் தேடி எடுத்துக்கொண்டே அவர் பேசினார். கோபமாக இல்லை, ஊர் சமாச்சாரம் சொல்வது மாதிரிதான் சொன்னார்.

"நம்மூட்டுல அவளும் பாவமுங்க. முழிப்பு வந்து பாத்தா, தெனம் அஞ்சரைக்கே ஷூவ மாட்டிக்கிட்டு மாடிப்படியில உக்காந்திருப்பா. உங்க போன் ரெண்டு தடவ வந்துச்சுன்னா கழட்டி வெச்சுட்டு உள்ள வந்துருவா. அப்பறம் போனே வரல, அப்பவும் கொஞ்ச நாளு உக்காந்திருந்தா. பாக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் செகண்ட் ஹேண்டுல ஒரு நடக்கற மிஷின் வாங்கிப் போட்டுட்டேன். இனி யாரையும் எதிர்பாக்க வேண்டாம் பாருங்க."

பழத்தை வாங்கினேனா, காசு கொடுத்தேனா என்று ஞாபகமில்லை. வீட்டுக்கு வந்த பின் பை கையில் இருந்தது. அத்தனை மாதம், ஒவ்வொரு காலையும், நான் போர்வைக்குள் இருந்தபோது அவள் ஷூ மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். எனக்கு அது உடற்பயிற்சி. அவளுக்கு அது வெளியே போகக் கிடைத்த ஒரே கதவு, அதன் சாவியை என்னிடம் கொடுத்திருந்தாள். வெட்கத்தில் அன்று பூஜையில் என்னால் நிமிர்ந்து நிற்க முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். மாடி அறையில் சுவரைப் பார்த்தபடி அந்த மிஷின் நின்றது. கைப்பிடிகளில் துண்டுகளும் பாவாடையும் காய்ந்துகொண்டிருந்தன. அவள் கொஞ்சம் பருத்திருந்தாள். சர்க்கரை போடாத காபி தந்தாள். மேஜை மேல் மாத்திரை அட்டை இருந்தது. அதில் நாலைந்து குழி காலியாக இருந்ததை நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"போன மாசம் ஆரம்பிச்சாங்கக்கா. சின்ன டோஸ்தான்."

"இதுல நடக்கறதில்லயா?"

"நடந்தேனுங்க, ஒரு பத்து நாளு. செவுத்தயே பாத்துக்கிட்டு எத்தன தூரம் போறதுங்க?" என்று சிரித்தாள்.

"என்னாலதானே எல்லாம்" என்றேன். "அப்படியெல்லாம் சொல்லாதீங்கக்கா" என்றாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.

நாளையிலிருந்து வருகிறேன், ஒருநாளும் தவற மாட்டேன், உன் வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன் என்று படபடவென்று சொன்னேன். அவள் காபி டம்ளரைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"வேண்டாங்கக்கா. அவரு ஆசப்பட்டு வாங்கிப் போட்டது. நீங்க பேசி, அவரும் சரின்னு சொல்லி, நான் மறுபடியும் ஷூவப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கயில நீங்க ரெண்டு தடவ அடிச்சீங்கன்னா?"

கேட்கும்போதும் சிரித்தபடிதான் கேட்டாள். என் வாக்கின் விலை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"சரி, நீ வர வேண்டாம். நான் போறேன். போறப்ப ஒரு தடவ அடிச்சுட்டுப் போறேன். அது போதுமா?"

"அடிங்கக்கா. முழிச்சுத்தான் இருப்பேன்" என்றாள்.

மறுநாள் காலை அவள் கேட்டுக்கு எதிரே நின்று ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன். மாடி ஜன்னலில் விளக்கு எரிந்தது. என் போன் ஒரு தடவை அதிர்ந்து நின்றது. வந்துவிட்டாள் என்று நினைத்து ஒரு அடி முன்னால் வைத்தேன். அப்புறம் இரண்டாவது வந்தது.

தனியாகத்தான் ஏரிக்கரைக்குப் போனேன். மூன்று சுற்று நடந்தேன். இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தூறலிலும் குளிரிலும் ஒருநாள் விடவில்லை. என் கணவர் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டார். டாக்டரம்மா மற்ற நோயாளிகளுக்கு என்னைக் காட்டுகிறார், எப்படி இத்தனை நாள் தொடர்ந்தீர்கள் என்று விசாரிக்கிறார். அந்த நேரத்தில் அவள் கேட்டைத் தவிர வேறு எங்கும் நிற்க முடியவில்லை என்று சொன்னால் அவருக்குப் புரியாது. பேச்சுக்கு ஆபீஸிலும் மறுபடி கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

தினமும் அவள் வீட்டெதிரே ஒரு தடவை அடிக்கிறேன். விளக்கு எரியும். போன் ஒரு தடவை அதிரும். உடனே நகர மாட்டேன். இரண்டாவது வராமல் போகும் ஒரு நாள் இருக்கலாம். சில நாள் அது சட்டென்று வந்துவிடும். சில நாள் தாமதிக்கும், அப்போது மாடி ஜன்னல் விளக்கையே பார்த்துக்கொண்டு நிற்பேன். பிறகு வரும்.

அந்த முதல் மிஸ்டு காலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில்தான் அவள் அத்தனை மாதம் ஷூவோடு உட்கார்ந்திருந்தாள்.