யாரோடும் தொடர்பில்லாத ஒன்று

பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில், கணினி அறிவியல் மாணவர்களுக்கு டிஸ்கிரீட் மேத்ஸ் என்ற கணிதப் பாடம் எடுக்கச் சேர்ந்த முதல் மாதம். என் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, துறைத் தலைவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

போர்டில் ஒரு நிரூபணம் எழுதினேன். ஒரு கணத்தில், அதாவது செட்டில், ஏ என்ற உறுப்பு பி என்ற உறுப்போடு தொடர்பு கொண்டால், பி-யும் ஏ-யோடு தொடர்பு கொள்ளும். அதன் வழியாக ஏ தன்னோடும் தொடர்பு கொள்ளும். ஆகவே அந்தக் கணத்தில் உள்ள எல்லாமே தன்னோடு தொடர்புடையவை என்று முடித்தேன்.

வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் வரும் செல்வி எழுந்தாள். “மேடம், யாரோடயும் தொடர்பே இல்லாத ஒண்ணு அந்தக் கணத்துல இருந்தா?”

தொடர்பே இல்லாத ஒன்றுக்கு என் முதல் வரியே பொருந்தாது; என் நிரூபணம் தவறு என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. எதிரே அறுபது முகங்கள், முதுகுக்குப் பின்னால் நான் எழுதிய போர்டு. துறைத் தலைவர் நோட்டில் ஏதோ குறித்தார்.

“ஒழுங்கா கவனிச்சா இந்தச் சந்தேகம் வராதும்மா. உக்காரு” என்றேன். சிலர் சிரித்தார்கள்.

அடுத்த மூன்று நாளும் அந்த நிரூபணத்தைத் தொடாமல் வேறு பகுதியை நடத்தினேன். நான்காம் நாள் துறைத் தலைவரிடம் என் தவறைச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். “செல்வி கேட்டது சரி. எனக்கு அன்னைக்கே தெரியும். பயந்துபோய் மறைச்சுட்டேன்.”

வகுப்பு முடிந்ததும் செல்வி வந்து நோட்டைத் திறந்து காட்டினாள். தன் கேள்வியை அடித்துவிட்டு, என் தவறான நிரூபணத்தை மூன்று பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருந்தாள்.

“எனக்குத்தான் மண்டையில ஏறலன்னு நெனச்சுட்டேன் மேடம்.”

என் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு பெண் தன் அறிவையே நம்பாமல் போக, நான் சொன்ன ஒரு ‘உக்காரு’ போதுமாக இருந்தது.