மாடலில்தான் தவறு என்றேன்

செருப்பு, பை செய்யும் பதனிட்ட தோலுக்கு மேல்பூச்சாகப் பூசும் அக்ரிலிக் பாலிமரைச் செய்து பார்ப்பது என் வேலை. எங்கள் ஆய்வுக்கூடம் பல்லாவரத்தில் இருக்கிறது. மோனோமர் என்கிற, மூக்கைத் துளைக்கும் திரவத்தைப் பம்பு வழியாகச் சூடான கண்ணாடிக் கலனுக்குள் மூன்று மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். உள்ளே போகப் போக அது வினைபுரிந்து வெப்பத்தை வெளியிடும். அவசரப்பட்டால் பொங்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

பொங்கலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அது. பிளஸ் டூ படிக்கும் மகள் டியூஷன் முடிந்து பெருங்களத்தூரில் பஸ் ஏற வேண்டும். ஊருக்குப் போகிற கூட்டம் முழுக்க அங்கேதான் நிற்கும். நான்கு மணிக்கு அழைத்தேன், போன் அணைந்திருந்தது. நாலரைக்கும் அப்படியே.

மோனோமரை விடத் தொடங்கியவரே அது முடியும்வரை நிற்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நடுவில் கைமாற்ற மாட்டோம். அதனால் பம்பின் குமிழைத் திருப்பி வேகத்தைக் கூட்டினேன். வெப்பம் இரண்டு டிகிரி இறங்கியது. அப்பாடா என்றிருந்தது. இறங்குகிறது என்றால் உள்ளே போனது வினைபுரியாமல் தேங்குகிறது, பிறகு மொத்தமாக வினைபுரிந்து பொங்கும் என்று அர்த்தம். புதிதாக வருகிறவர்களுக்கு நானே எச்சரிக்கிற விஷயம்தான்.

மோனோமர் முடிந்ததும் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். மோனோமர் விட்டது மூன்று மணி நேரம் என்று அதில் ஏற்கெனவே அச்சடித்திருந்தது. பக்கத்து அறையில் இருந்தவளிடம், "கொஞ்சம் பாத்துக்கம்மா, இனிமே சும்மா சூட்டுல இருக்க வேண்டியதுதான்" என்றேன். எங்கள் வினைகளுக்குக் கணினியில் மாடல் எழுதுகிறவள் அவள். எந்த நேரத்தில் எவ்வளவு சூடாகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வாள். ஒப்பந்த வேலை.

"போயிட்டு வாங்கக்கா, நான் இருக்கேன்ல" என்றாள்.

மகள் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தோழியோடு பானிபூரி தின்றுகொண்டிருந்தாள். "சார்ஜ் இல்லம்மா. இதுக்கா இப்படி மூச்சு வாங்க ஓடி வந்த? எல்லாரும் பாக்குறாங்க, மானம் போகுது."

அவளைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கலன் பொங்கி மேலே கொட்டியிருக்கிறது. சூட்டைக் குறைக்கப் போனவளின் வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துவிட்டது.

மறுநாள் மேலதிகாரி கேட்டார்: "மாடல்படி இவ்ளோ சூடே ஏறக் கூடாதே, எப்படிம்மா?"

"மாடல்லதான் ஏதோ தப்பு இருக்கணும் சார்."

நான்தான் சொன்னேன். யோசித்துக்கூடச் சொல்லவில்லை. கூச்சமே இல்லாமல் வந்தது. "அப்போ அந்தப் பொண்ணு ஒப்பந்தத்தை நீட்டிக்கிறதை யோசிக்கணும்" என்றார். அதற்கும் நான் வாய் திறக்கவில்லை.

நான்கு நாள் கழித்து, கட்டுப்போட்ட கையோடு அவள் என் மேஜைக்கு வந்தாள். இடது கையால் ஒரு தாளை வைத்தாள். அதில் இரண்டு கோடுகள். ஒன்று அன்றைக்குக் கருவி பதிவு செய்த வெப்பம், இன்னொன்று அவள் மாடல் சொன்னது. ஒன்றின்மேல் ஒன்று அப்படியே படிந்திருந்தன. அந்த இரண்டு டிகிரி இறக்கம்கூட.

"மூணு மணி நேரம்னு போட்டா சேரவே மாட்டேங்குது அக்கா. ஒன்றரைனு போட்டேன், சேந்துடுச்சு." பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணுக்காகத்தான் ஓடினீங்கன்னு தெரியும். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கலன் கிட்டயே போயிருக்க மாட்டேன்" என்றாள்.

வேலையைப் பற்றி அவள் எதுவும் பேசவில்லை. நான் தாளை எடுத்துக்கொண்டு மேலதிகாரி அறைக்குப் போனேன். நானாகப் போகவில்லை, பிடிபட்ட பிறகு போனேன். குமிழைத் திருப்பியது, கையெழுத்துப் போட்டது, பழியைத் தள்ளிவிட்டது எல்லாம் சொன்னேன். வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "பெத்த மனசு இல்லையா? விடுங்கம்மா. அறிக்கையைத் திருத்திக்கலாம். அந்தப் பொண்ணு இருக்கட்டும்."

அவ்வளவுதான். என்னை எழுதித் தரச் சொல்லக்கூட இல்லை. வெளியே வந்தபோது அவள் வராந்தாவில் நின்றிருந்தாள். "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். "நீ இருக்கலாம்னு சொல்லிட்டார்" என்றேன். நான் தயவு பண்ணி வாங்கித் தந்ததுபோல அது ஒலித்தது. அவள் "தேங்க்ஸ் அக்கா" என்றாள்.