மற்றும் நாட்கூலிகள்

நான் முதன்முதலாகப் பார்த்த நூதனசாலையில் ஒரே ஓர் அறைதான் இருந்தது. கீரிமலைக்கு அங்கால், சீமெந்துக்காகச் சுண்ணக்கல் வெட்டிய ஊர் ஒன்றில், கல் லொறிகளை நிறுத்துக் கணக்கெழுதக் கட்டிய பழைய கந்தோர் அது. கல் தீர்ந்ததும் வேலை வேறு பக்கம் போய்விட்டது. வெட்டிய கிடங்குகளில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடந்தது. வேலையாட்கள் குடியிருந்த வீடுகளில் பாதிக்குக் கதவில்லை. அந்த ஊரில் மிஞ்சியது அதன் சரித்திரம் ஒன்றுதான். அதையும் பூட்டி, திறப்பை ஒரு வயதானவர் இடுப்பில் செருகி வைத்திருந்தார்.

எண்பத்தைந்தாம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. உரும்பிராயிலிருந்து அப்பா என்னைச் சைக்கிள் பாரில் இருத்தி அவ்வளவு தூரம் மிதித்தது சரித்திரம் பார்ப்பதற்காக அல்ல. அண்ணனின் படம் ஒன்றைத் தேடித்தான் போனோம்.

எங்கள் வீட்டில் அண்ணனின் படம் ஒன்றுகூட இல்லாமற்போனதற்கு அப்பாதான் காரணம். ஆமிக்காரர் சோதனைக்கு வரும்போது இளந்தாரிகளின் படங்களை எடுத்துப்போய், முகத்தை மூடிக்கொண்டு காட்டிக்கொடுக்கும் தலையாட்டிகளுக்குக் காட்டி ஆள் பிடிக்கிறார்கள் என்று சந்தியில் யாரோ சொல்லியிருந்தார்கள். அன்று பின்னேரமே அப்பா அல்பத்தைப் பிரித்து, அண்ணன் இருந்த படங்களையெல்லாம் உரித்தெடுத்துக் கிணற்றடியில் வைத்து எரித்தார். அண்ணன் பக்கத்தில் நின்று சிரித்தான். அம்மா மட்டும், ஒன்றையாவது விடுங்கோ என்று கேட்டுப் பார்த்தார். ஆள் முழுசாக இருக்கிறான், படம் எதற்கு என்றார் அப்பா.

இரண்டு கிழமை கழித்து அண்ணனைச் சைக்கிளோடு பிடித்துக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையும் அவனோடு போயிற்று. முகாம் வாசலில் போய்க் கேட்டால், அப்படியொரு ஆளே இல்லை என்றார்கள். கப்பலேற்றித் தெற்கே கொண்டுபோய்விட்டதாகச் சிலர் சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் ஆமிக்கு மனு எழுதிக் கொடுத்தவர்கள் பெயர், வயது, உயரம் எல்லாம் எழுதிவிட்டு, படம் கொண்டுவாருங்கோ என்றார்கள். படம் பிடித்த ஸ்ரூடியோக்காரர் எப்போதோ கடையை மூடிவிட்டு இந்தியாவுக்குப் போயிருந்தார்.

அன்றிலிருந்து அம்மா அப்பாவோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகவில்லை, சண்டை பிடிக்கவுமில்லை. சமைத்தார், உடுப்புத் தோய்த்தார். ஆனால் அப்பாவைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட என் வாயால்தான் நடந்தது. ஒரே அறைக்குள் இருவரும் இருக்க, "அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு" என்பார் அம்மா. நான் திரும்பி அப்பாவிடம் சொல்வேன். நான்கு மாதம் அப்படியே போயிற்று.

அந்த நேரத்தில்தான் அப்பாவுக்குக் கல்லுக் கிடங்கின் ஞாபகம் வந்தது. பெரிய சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில், அண்ணன் அங்கே சில கிழமை நாட்கூலிக்குப் போயிருந்தான். அந்தக் கிடங்கில் கடைசிக் கல் ஏற்றிய நாளில் எல்லாரையும் நிற்க வைத்துப் படம் பிடித்து, அதை நூதனசாலையில் மாட்டினார்களாம். "நானும் சரித்திரத்திலை வந்திட்டன்" என்று அண்ணன் வீட்டில் வந்து சொன்னது எனக்கும் ஞாபகமிருந்தது.

வழியில் மறித்த ஆமிக்காரனிடம் நூதனசாலை பார்க்கப் போகிறோம் என்று சொன்னோம். அவன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மியூசியம்?" என்று கேட்டுச் சிரித்தான். பெண்பிள்ளை நான் கூட இருந்தபடியால் விட்டிருக்க வேண்டும். அப்பா என்னைக் கூட்டிப் போனதே அதற்காகத்தான்.

திறப்புக்காரர் எங்களைக் கண்டதும் பரபரப்பானார். பல மாதமாக யாரும் வரவில்லை போலும். தூசி தட்டி நுழைவுச்சீட்டு இரண்டு கிழித்துத் தந்தார். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். சிப்பி பதிந்த கல், துளை போடும் இரும்புக் கம்பி, வெடிவைக்கும் முன் ஊதிய சங்கு, கல் விழுந்து நசிந்த ஒரு தலைக்கவசம். "பிள்ளை, இந்த ஊர் முந்திக் கடலுக்கடியிலை கிடந்தது, தெரியுமோ?" என்று என்னிடம் கேட்டார். நான் தலையாட்டினேன். அப்பா ஒன்றையும் பார்க்கவில்லை. சுவர் சுவராகத் தேடிக்கொண்டிருந்தார்.

படம் கதவுக்குப் பின்னால் தொங்கியது. நாற்பது பேரளவில் மூன்று வரிசையாக நின்றார்கள். கீழே துரைமாரின் பெயர்கள் வரிசையாக அச்சாகியிருந்தன. கடைசியில் "மற்றும் நாட்கூலிகள்" என்றிருந்தது. வலது பக்க ஓரத்தைக் கறையான் அரித்து, அங்கே நின்றவர்களுக்கு முகமில்லாமற் போயிருந்தது.

அப்பா கண்ணாடியில் மூக்கு முட்டும்படி நின்று நெடுநேரம் பார்த்தார். பிறகு பின்வரிசையில் ஒருவனில் விரலை வைத்தார்.

"இவன்தானே பிள்ளை, அண்ணை?"

குதிக்காலை உயர்த்திப் பார்த்தேன். முகம் என் பெருவிரல் நகமளவு. அண்ணனின் வயது, அண்ணனைப்போல் மெலிந்த கழுத்து. ஆனால் அண்ணனுக்குச் செவி இரண்டும் வெளியே விரிந்து நிற்கும். அவற்றைப் பிடித்திழுத்து எத்தனையோ தரம் அடி வாங்கியிருக்கிறேன். படத்தில் இருந்தவனுக்குச் செவிகள் தலையோடு ஒட்டிக் கிடந்தன. மற்ற முகங்களையும் பார்த்தேன். அண்ணன் அவற்றில் இல்லை. கறையான் தின்ற பக்கத்தில் நின்றிருப்பான்.

திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் விரலைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவேயில்லை.

"ஓம் அப்பா, அண்ணைதான்" என்றேன்.

அப்பா விஷயத்தைச் சொன்னதும் திறப்புக்காரரின் முகம் மாறியது. "தம்பி, இது என்ரை பொருளில்லை. கழட்டித் தர எனக்கு அதிகாரமில்லை" என்றார். அப்பா அவரைக் கும்பிட்டார். என் அப்பா கோயிலுக்கு வெளியே கைகூப்பி நான் கண்டது அன்றுதான். "ஐயா, என்ரை கையாலை எல்லாத்தையும் எரிச்சுப்போட்டன். வீட்டிலை அவள் என்னோடை கதைக்கிறேல்லை" என்றார்.

கிழவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு படத்தை ஆணியிலிருந்து இறக்கி, பின்பலகையைக் கழற்றினார். மேசை லாச்சியிலிருந்து சவர அலகு ஒன்றை எடுத்து, அந்த முகத்தைச் சுற்றிச் சதுரமாக வெட்டினார். அவன் தோளில் பக்கத்து ஆள் போட்டிருந்த கை பாதியில் அறுந்தது. படத்தை மறுபடி மாட்டியபோது அந்தச் சதுரத்துக்குள்ளால் பின்பலகை தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அதை அம்மாவின் கையில் வைத்துவிட்டுக் கதவடியில் போய் நின்றார். அம்மா அதை யன்னலடிக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்தார். இப்போது பிடிபடப் போகிறேன் என்று நினைத்தேன்.

"ஓம், என்ரை பிள்ளைதான்" என்றார் அம்மா. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினார். "இஞ்சாருங்கோ, வெயிலுக்கை வந்தனீங்கள். முகத்தைக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்கோ."

அப்பா கிணற்றடிக்குப் போனார். தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

அடுத்தநாள் காலை மனுவோடு சேர்ப்பதற்குப் படத்தைக் கேட்டார். அம்மா தரவில்லை.

"படமில்லாமல் குடுங்கோ."

"படமில்லாட்டி எப்பிடித் தேடுவாங்கள்?"

"ஆமியின்ரை கையிலை இதைக் குடுக்கேலாது. இந்தப் பிள்ளை இஞ்சையே இருக்கட்டும்."

அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றி ஒருபோதும் கேட்கவில்லை. மனு படமில்லாமலே போயிற்று. அதற்குப் பதில் வரவில்லை. அண்ணனும் வரவில்லை.

அம்மாவையும் அப்பாவையும் ஏமாற்றிவிட்டேன் என்ற பயத்தோடு நான் பல வருடம் இருந்தேன். பெற்ற தாய்க்குப் பிள்ளையின் செவி தெரியாமற் போகுமா என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை. அப்பாவுக்கும் தெரிந்திருந்ததா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவுக்குப் படத்தைப் பிரிய மனமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். எங்கோ ஒரு வீட்டில் அந்த முகத்தோடு ஒரு பெடியன் அன்றும் ஆமியின் கையில் அகப்படாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பான், அவனுக்குச் சோறு போட்ட தாய் ஒருத்தியும் இருந்திருப்பாள் என்பது என் புத்தியில் ஏறவேயில்லை.