தேக்கடிக்குப் போன வெற்றிலைக் கூடை

பழங்காநத்தத்தில் ஜாக்கெட் தைக்கும் நாகலக்ஷ்மி ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். கழுத்தளவிலும் சரி, காரியத்திலும் சரி, பிரித்துத் தைக்கிற பேச்சே கிடையாது. புருஷன் போன பிறகு தையல் மிஷினை வாசலறைக்கு இழுத்துப் போட்டு ஒற்றை ஆளாக நிமிர்ந்தவள். தெருப் பெண்களை வேன் வைத்துத் தேக்கடிக்குக் கூட்டிப்போகும் யோசனையும் அவளுடையதுதான்.

முதல் தடவை, 1981இல், அது கேலிக்கூத்தாக முடிந்தது. கோயில் யானையைக் கும்பிட்டே வளர்ந்த பெண்கள் அல்லவா? படகிலிருந்து யானைக் கூட்டம் கண்ணில் பட்டதுமே பேச்சியம்மாள் குலவையை எடுத்துவிட்டாள். முளைப்பாரியில் தெருக்கோடி வரை கேட்கும் குலவை அது. அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். யானைகள் விறுவிறுவென்று காட்டுக்குள் போய்விட்டன. பின்னால் உட்கார்ந்தவர்கள் வாலைக்கூடப் பார்க்கவில்லை.

"யானைக்கே காது வலிச்சிருச்சாம்ல! இனிமே டூரு கீருன்னு எவளும் கெளம்பக் கூடாது," என்றான் பேச்சியம்மாளின் புருஷன் மலையாண்டி.

"இன்னொருவாட்டி கூட்டிட்டுப் போறேண்ணே. எல்லாரும் யானையப் பாக்காம திரும்பி வந்தா, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

"இம்புட்டு வாயையும் எப்படி தாயி மூடுவ? ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?"

"உலைமூடி எதுக்குண்ணே? வெத்தலை போதும்."

மறுவருஷம் ஒரு கூடை வெற்றிலை வேனில் ஏறியது. படகு கிளம்பியதும் நாகலக்ஷ்மி ஆளுக்கொரு தாம்பூலத்தை மடித்து வாயில் திணித்தாள். பேசக் கூடாது, விழுங்கக் கூடாது. "ஏரியில துப்புனா தள்ளிவிட்டுருவேன்," என்று மிரட்டல் வேறு. அவள் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. புருஷனோடு வெற்றிலையையும் விட்டவள். குலவையையும்தான். விசேஷ வீடுகளில் யாரும் சொல்லாமலே பின்வரிசைக்குப் போய்விடுவாள்.

கரையில் யானைகள் வந்தன. கன்னம் உப்பிய பெண்கள் கண்ணாலேயே விழுங்கினார்கள். பேச்சியம்மாளுக்குக் கண்ணீர் முட்டியது. கையெடுத்துக் கும்பிட்டாளே தவிர சத்தமில்லை. படகோட்டியே அசந்துபோய் என்ஜினை நிறுத்தினார். நாகலக்ஷ்மிக்குப் பெருமை பிடிபடவில்லை.

அப்போதுதான் குட்டி வந்தது. தாயின் காலிடுக்கில் புகுந்து, சறுக்கி, தண்ணீரில் தொப்பென்று விழுந்து, எழுந்து நின்று தும்பிக்கையைத் தூக்கியது.

குலவைச் சத்தம் கிளம்பியது. எல்லோரும் பேச்சியம்மாளை முறைத்தார்கள். அவள் வாய் நிறைய வெற்றிலையோடு தலையை ஆட்டி, நாகலக்ஷ்மியைக் காட்டினாள்.

நாகலக்ஷ்மிக்கே அப்புறம்தான் உறைத்தது. சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். யானைகள் நகரத் தொடங்கின. பேச்சியம்மாள் வெற்றிலையை மடக்கென்று விழுங்கினாள்.

"எல்லாரும்தான் கண்குளிரப் பாத்தாச்சே. எதுக்கு நிறுத்துற? போடு தாயி," என்று அவளை முன்பலகைக்கு இழுத்து உட்கார வைத்தாள்.

கடைசி யானை காட்டுக்குள் மறையும்வரை நாகலக்ஷ்மிதான் எடுத்துக் கொடுத்தாள். மற்றவர்கள் அவள் பின்னால் குலவை போட்டார்கள்.